15 வாட் வால்வு ஆம்ப்: சத்தத்துக்கு நூறு மார்க், போர்டுக்கு முட்டை

குளிர்ந்து கிடக்கும்போது என் கிட்டார் ஆம்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆன் செய்து, வால்வுகள் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) சூடேறி, சுருதி சேர்த்து, கை ஓடத் தொடங்கி, இன்று நன்றாக வருகிறதே என்று நினைக்கும் நேரம் பார்த்து ஸ்பீக்கரில் கர்ரென்று ஆரம்பிக்கும். வாசிப்பதை நிறுத்தினாலும் நிற்காது. கொஞ்ச நேரத்தில் சத்தம் பாதியாக இறங்கும், மேலே ஓங்கி ஒரு தட்டு தட்டினால் திரும்பி வரும். இதைச் சில வருடங்கள் சகித்துவிட்டு, போன வாரம்தான் ஒரு முடிவு கட்டினேன். கம்பெனி வைத்த வால்வு சாக்கெட்டுகளைப் பிடுங்கிவிட்டு வேறு போட்டேன், அவ்வளவுதான். கோபம் ஆறுவதற்குள் ஒரு நண்பர், இதே ஆம்ப் ஒன்று விற்பனைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதிலாக அது இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

என்ன ஆம்ப் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் இரண்டு ஈஎல்84 வால்வு, சிக்னலை முதலில் பெருக்கும் முன்பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வு, 12 அங்குல ஸ்பீக்கர், ஸ்பிரிங் ரிவெர்ப், எஃபெக்ட்ஸ் லூப் (வெளிப் பெடல்களை நடுவில் இணைக்கும் செண்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்). கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அமைப்பில் பல பேர் செய்கிறார்கள், பெரும்பாலானவர்கள் இதே வேலையைத்தான் செய்து வைத்திருக்கிறார்கள்: வால்வு சாக்கெட்டை நேரடியாக போர்டில் (பாகங்களைத் தாங்கும் சர்க்யூட் அட்டையில்) பற்றவைத்துவிடுகிறார்கள். என் புகார் முழுவதும் அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஈஎல்84 வால்வின் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) தாங்கும் சூடு 12 வாட். ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர், அது தனியாக ஐந்து வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு வால்வுக்கும் சேர்த்தால் 30 வாட்டுக்கு மேல். அத்தனை சூடும் உள்ளங்கை அகல இடத்தில். காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) என்பதால் சேஸிஸ் (உலோகச் சட்டம்) மேலே, வால்வுகள் தலைகீழாகக் கீழே தொங்குகின்றன. சூடு மேலே போகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். மேலே என்ன இருக்கிறது? போர்டு. அந்தப் போர்டில் சாக்கெட்டின் ஒன்பது பின்களையும் பிடித்துக்கொண்டிருப்பது ஆளுக்கு ஒரு துளி ஈயம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் விரிகிறது, ஆஃப் செய்யும்போது சுருங்குகிறது, பின் ஒரு அளவுக்கு, போர்டு வேறு அளவுக்கு. போதாக்குறைக்கு, வால்வை மாற்றும்போது நாம் ஆட்டி ஆட்டித்தானே பிடுங்குகிறோம், அந்த அசைவு முழுவதும் அந்த ஈயத்தின் தலையில்தான் விடிகிறது. சில வருடத்தில் பின்னைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய ஒரு வளையம் விழுகிறது. பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. டிரை சால்டர் என்பது இதுதான்.

எரிச்சல் என்னவென்றால், யாரைக் கேட்டாலும் முதல் பதில் 'வால்வை மாற்றிப் பார்'. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது. வால்வுதானே மாட்டிக் கழற்றுகிற சாமான், அதனால் எல்லாப் பழியும் அதன் மேல். நிஜத்தில் வால்வா சாக்கெட்டா என்று பிரித்துப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரே வகை வால்வுகள் இரண்டை இடம் மாற்றிப் போடுங்கள். கரகரப்பு வால்வோடு கூடவே போனால் வால்வு கெட்டது, பழைய இடத்திலேயே நின்றால் அந்த இடம் கெட்டது. பென்சிலால் கண்ணாடியை லேசாகத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி கேட்டால் அது மைக்ரோஃபோனிக் ஆகிவிட்ட வால்வு, அது வேறு வியாதி. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாமல், வால்வைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் மட்டும் சீறினால், சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது அல்லது கீழே ஈயம் விட்டிருக்கிறது. ஒரே நிபந்தனை, ஆம்ப் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும் (துணியைச் சுற்றிப் பிடியுங்கள், ஈஎல்84 விரலைப் பொசுக்கிவிடும்). ஆறிப்போன ஆம்பைக் கடையில் கொண்டுபோய் வைத்தால் அது சமர்த்துப் பிள்ளையாக நடிக்கும்.

ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் சரியாகிவிடும். எத்தனை நாளுக்கு என்பதுதான் கேள்வி. மூல காரணம் அப்படியே இருக்கிறதே. சூடு அதே சூடு, போர்டு அதே போர்டு. போதாததற்கு, ஒவ்வொரு முறை சால்டரிங் அயர்ன் வைக்கும்போதும் போர்டில் ஒட்டியிருக்கும் செம்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து வருகிறது. ஒரு கட்டத்தில் பற்றவைக்க ஈயம் இருக்கும், பற்றிக்கொள்ள இடம் இருக்காது.

அதனால் இந்தத் தடவை பவர் வால்வுகள் இரண்டின் சாக்கெட்டையும் போர்டிலிருந்து பிரித்துவிட்டேன். சேஸிஸில் திருகி மாட்டும் பீங்கான் சாக்கெட் கிடைக்கிறது, ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் துளை வேண்டும். சாக்கெட் உலோகத்தில் உட்கார்ந்துகொள்ளும், ஒவ்வொரு பின்னிலிருந்தும் டெஃப்லான் உறை போட்ட சின்ன ஒயர் ஒன்று போர்டுக்குப் போகும். இனிமேல் வால்வை ஆட்டினால் அசைவு சேஸிஸோடு போச்சு. 4, 5 ஆம் பின்கள் ஹீட்டருக்கு, அவற்றுக்கு மட்டும் தடித்த ஒயரை இறுக்கி முறுக்கிப் போட்டேன். ஐந்து வால்வுக்கும் சேர்த்து ஹீட்டரில் ஓடுவது 2.4 ஆம்பியர். அவ்வளவையும் போர்டில் நூல் மாதிரி ஒரு தடத்தில், அதுவும் கிரிட்டுக்கு (சிக்னல் வால்வுக்குள் நுழையும் முனைக்கு) போகும் தடத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டியிருந்தார்கள். முறுக்கிய ஒயருக்கு மாற்றியதும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் குறைந்தது. நான் கேட்காமலே கிடைத்த லாபம்.

அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் செய்தேன். ஹீட்டரின் இரண்டு கால்களிலிருந்தும் ஆளுக்கு ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போகும், பல ஆம்புகளில் இருப்பதுதான். அவை சேரும் முனையைக் கிரவுண்டிலிருந்து கழற்றி, பவர் வால்வுகளின் கேதோடில் (ஹீட்டர் சூடாக்கும், எலக்ட்ரான்கள் கிளம்பும் முனையில்) கொடுத்துவிட்டால், ஹீட்டர் முழுவதும் 12 வோல்ட் போல மேலே தூக்கி நிற்கும். ஹீட்டரிலிருந்து கேதோடுக்குக் கசியும் உறுமல் அடங்கிவிடும். புதிதாக ஒரு பாகம் கூட வாங்க வேண்டியதில்லை. இதைக் கம்பெனியே செய்திருக்கலாமே என்று நினைத்தபோது மறுபடியும் கோபம் வந்தது.

சூட்டின் மூலத்தையும் பார்த்தேன். கேதோடு பயாஸ், அதாவது வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதைக் கேதோடில் இருக்கும் ரெசிஸ்டரே முடிவு செய்யும்; இங்கே இரண்டு வால்வுக்கும் சேர்த்து ஒரே 130 ஓம் ரெசிஸ்டர். அதன் மேல் 12 வோல்ட் காட்டியது. 12ஐ 130ஆல் வகுத்தால் 92 மில்லிஆம்பியர், ஒரு வால்வுக்கு 46. ஸ்கிரீனுக்கு (வால்வுக்குள் இருக்கும் இன்னொரு முனை) ஐந்தைக் கழித்தால் பிளேட்டுக்கு 41. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் நடுவே 313 வோல்ட். பெருக்கினால் 12.8 வாட். வரம்பு 12. பிளேட் வோல்டேஜுக்கே தயாரிப்பாளர்களின் அட்டவணை போட்ட வரம்பு 300தான். நியாயமாகப் பேச வேண்டுமென்றால், இதை இந்தக் கம்பெனி மட்டும் செய்யவில்லை. நான்கு ஈஎல்84 வைத்த வாக்ஸ் ஏசி30 இப்படி வால்வுகளைக் கசக்கிப் பிழிவதற்கே பேர் போனது, அந்தச் சத்தத்தைத்தான் உலகமே கொண்டாடுகிறது. ஆனால் அதன் பழைய மாடல்களில் சாக்கெட் சேஸிஸில் திருகியிருக்கும். சூட்டைக் கொடுக்கிறாய், சரி, அதைத் தாங்குகிற இடத்தில் கொடு என்றுதான் சொல்கிறேன். 130ஐ எடுத்துவிட்டு 180 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போட்டேன். இப்போது கணக்கு பத்தரை வாட்டைச் சுற்றி நிற்கிறது. காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்றால், வாசிக்கும்போது தெரியவில்லை. தெரிகிறது என்று யாராவது சொன்னால் சண்டை போட மாட்டேன்.

இவ்வளவு திட்டியும் ஏன் விற்கவில்லை என்று கேட்பீர்கள். வால்யூமைப் பாதிக்கு மேல் திருகிவிட்டு, கிட்டாரை நெக் பிக்கப்பில் வைத்து, பிக்கை மெல்லப் பிடித்து ஒரு நரம்பைத் தொட்டுப் பாருங்கள். சுத்தமாக, உருண்டையாக வரும். அதே நரம்பை அதே செட்டிங்கில் கொஞ்சம் அழுத்தி அடித்தால் ஓரத்தில் ஒரு கீறல், இன்னும் அழுத்தினால் முழுத் தொண்டையில் ஒரு கத்தல். நடுவில் பெடலும் இல்லை, சுவிட்சும் இல்லை, எல்லாம் விரலில் இருக்கிறது. கிட்டாரின் வால்யூம் குமிழை ஏழுக்கு இறக்கினால் அடங்கிப் போய்விடும். கார்டில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும், உடைந்த சத்தத்திலும் கூட. கணினியில் ஆம்பைப் போலச் செய்யும் மென்பொருட்கள் இப்போது பிரமாதமாக வந்துவிட்டன, பதிவுக்கு நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ஸ்பீக்கர் தள்ளும் காற்று முழங்காலில் வந்து இடிக்கும்போது கை வேறு மாதிரி வாசிக்கிறது. அதை எழுத்தில் விளக்க எனக்குத் தெரியாது.

அந்தச் சத்தத்தையும் கொஞ்சம் செதுக்கியிருக்கிறேன். வாங்கியபோது தடித்த நரம்பு கொழகொழவென்று இருந்தது, அதிலும் கெய்ன் (முன்பகுதி பெருக்கும் அளவு) ஏற்றினால் 82 ஹெர்ட்ஸ் ஈ நரம்பு சேறாகிவிடும். முதல் 12ஏஎக்ஸ்7இன் கேதோடில் இருந்த 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 1 மைக்ரோஃபாரட் போட்டதும் இறுகிவிட்டது. அதற்கும் கீழே 0.68 வரை போகலாம், மார்ஷல் பாணி அது, எனக்கு மெலிந்து போன மாதிரி இருந்தது. அந்த வால்வையே மாற்றி 5751 போட்டுப் பார்ப்பதும் நல்ல விளையாட்டு. பெருக்கும் திறன் நூறிலிருந்து எழுபதுக்கு இறங்குவதால் கெய்ன் குமிழ் சீக்கிரம் முடிந்துவிடாமல் நிதானமாக ஏறும், சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். விலை உயர்ந்த பழைய வால்வுகளைத் தேடி அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆம்பையே மாற்றிவிடும் வால்வு என்று சொல்லி விற்கிறவர்களிடம், சால்டர் விட்ட சாக்கெட்டில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு உயர் வோல்டேஜை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்ட்பை சுவிட்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த அளவு வோல்டேஜுக்கு அது தேவையே இல்லை. இதே ஈஎல்84 வைத்த பழைய வால்வு ரேடியோக்களில் அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது, அவை பல காலம் பாடின. கிட்டார் ஆம்பில் அது இல்லாவிட்டால் வாங்குகிறவர் ஏதோ குறைகிறது என்று நினைப்பார் என்பதற்காகத்தான் வைக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆபத்தும் உண்டு. என் ஆம்பில் அது முதல் ஃபில்டர் கெபாசிட்டருக்கு அப்புறம் இருக்கிறது. ஸ்டாண்ட்பையில் வைத்து அப்படியே மெயினை அணைத்தால், அந்தக் கெபாசிட்டரின் மின்சாரத்தை வால்வுகளால் இழுத்துக்கொள்ள முடியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் உள்ளே காத்துக்கொண்டிருக்கும். திறக்கிறவர்கள் முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். இருந்தால் ஒரு 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மறுபடியும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி காட்டுகிற வீரர்களைப் பின்பற்ற வேண்டாம். வேலை முடிந்து முதல் தடவை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின் ஒயரில் சீரியஸில் போடுங்கள். பல்பு முழுதாகப் பிரகாசித்து அப்படியே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடலாம், டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்துக்கொள்ளும். ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இதெல்லாம் பயமாக இருக்கிறதென்றால் தெரிந்தவரிடம் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வாங்கலாமா? வேண்டாம். நண்பரிடமும் அதைத்தான் சொன்னேன். நான் கேட்டதிலேயே நல்ல சத்தம் இந்த ஆம்பில்தான் கேட்டேன், இருந்தாலும் வேண்டாம். இதே வால்வுகளோடு, சாக்கெட்டைச் சேஸிஸில் திருகி வைத்த ஆம்ப் எதையாவது தேடுங்கள், கெய்ன் சேனல் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. முன்பகுதியெல்லாம் போர்டில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. சூடாகிற சாமான் போர்டில் உட்கார்ந்திருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி, பின்பக்கத் தட்டியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும். விற்கிறவர் அதைக் கழற்ற விடவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு: சூடான பிறகு சத்தம் பாதியாகக் குறைந்தால், உடனே சாக்கெட்டுக்குப் போக வேண்டாம், முதலில் எஃபெக்ட்ஸ் லூப்பைப் பாருங்கள். செண்டையும் ரிட்டர்னையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்தவுடன் சத்தம் திரும்பி வந்தால் ஜாக்கின் உள் தொடுப்பில் அழுக்கு, அவ்வளவுதான். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்துப் பன்னிரண்டு தடவை உள்ளே விட்டு எடுங்கள். என் ஆம்பில் அதுவும் இருந்தது, இதுவும் இருந்தது.