தினசரிப் பயிற்சிக்கு எந்தச் சக்கரம்: ஆலையில் கட்டியதா, கையால் கட்டியதா, கார்பனா?

சாலை சைக்கிளோடு கடையிலிருந்து வருகிற சக்கர ஜோடி பெரும்பாலும் 1,900 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஓராண்டு ஒழுங்காக ஓட்டியவர்களுக்கு அதை மாற்றும் ஆசை வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து விடியும் முன் கிளம்பி, பழைய மெட்ராஸ் சாலையில் ஹொஸ்கோட்டே வரை போய்த் திரும்பி, அவசரமாகக் குளித்து அலுவலகத்துக்கு ஓடுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை என்றால் நந்தி மலை. பந்தயங்களில் கலந்துகொள்வதில்லை.

இப்படி ஓட்டுகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஆலையிலேயே கட்டி, பெட்டியில் வருகிற நடுத்தர விலை அலுமினிய ஜோடி ஒன்று. ஹப் (அச்சைச் சுற்றிச் சுழலும் நடுப்பகுதி), ரிம் (டயர் உட்காரும் வெளி வளையம்), இரண்டையும் இணைக்கும் ஸ்போக்ஸ் கம்பிகள் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்துக் கட்டிக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, கார்பன் இழையால் செய்த ரிம் உள்ள ஜோடி. முதல் வகையை ஓட்டித் தீர்த்துவிட்டு இப்போது இரண்டாவதில் இருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இதிலேயே கண்டுகொள்ளலாம். என் சைக்கிள் ரிம் பிரேக் வகை, அதாவது பிரேக் கட்டை ரிம்மையே பிடித்து நிறுத்துவது, என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹப்போடு சேர்ந்த தனித் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு சில இடங்களில் மாறும்.

கார்பனை விரைவாக முடித்துவிடலாம். நண்பருடைய ஜோடியில் ஒரு ஞாயிறு ஓட்டிய அனுபவம்தான் எனக்கு உண்டு. அதன் நீண்ட கால உழைப்பைப் பற்றிச் சாட்சி சொல்ல அது போதாது. நன்றாகத்தான் ஓடியது. சமதளத்தில் வேகம் பிடித்துவிட்டால் விட மாட்டேன் என்கிறது. ஆனால் ரிம் பிரேக்கோடு கார்பன் ரிம்மைப் போட்டுக்கொண்டு நந்தியின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது எனக்குச் சரிப்படவில்லை. தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூடு ரிம்மிலேயே தேங்குகிறது. அந்தச் சூட்டில் கார்பனைப் பிணைக்கும் ரெசின் இளகக்கூடும். மழையில் பிரேக் பிடிப்பும் அலுமினியத்தைவிடக் குறைவு. டிஸ்க் பிரேக் என்றால் இந்த இரண்டு குறையும் இல்லை. ஆனாலும் குழியில் அடிபட்டு விரிசல் விட்ட கார்பன் ரிம்மைத் தட்டி நிமிர்த்த முடியாது. அலுமினிய ரிம்மின் உதடு கொஞ்சம் மடங்கினால் பொறுமையுள்ள மெக்கானிக் அதை நேராக்கிக் கொடுத்துவிடுவார். பணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது அலுமினியத்துக்குள்ளேயே நடக்கும் போட்டி.

எடையில் ஆலை ஜோடிக்கே வெற்றி. கம்பக்னோலோ சோண்டா, ஃபல்க்ரம் ரேசிங் 3 போன்றவை நிறுவனக் கணக்குப்படி 1,550 கிராம் சுற்றி இருப்பவை. என் கைக்கட்டு ஜோடி 1,800 கிராமைத் தாண்டுகிறது. டி.டி. ஸ்விஸ் ஆர் 460 ரிம் இரண்டுக்கு மட்டுமே சுமார் 920 கிராம். முன்னே 28, பின்னே 32 என்று 60 ஸ்போக்ஸ் கம்பி, ஒன்றுக்கு ஏறக்குறைய 6 கிராம். கம்பியை ரிம்மோடு இறுக்கும் பித்தளைத் திருகுகளான நிப்பிள்கள் ஒவ்வொன்றும் ஒரு கிராம். மீதி ஷிமானோ ஹப்களின் எடை.

இந்த முந்நூறு கிராம் வித்தியாசத்தைக் கண்டு பயப்பட வேண்டுமா? ஓட்டுநர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். 300 கிராம் என்பது அதில் 0.4 சதவீதத்துக்கும் கீழே. நந்தி ஏற்றத்தை அரை மணி நேரத்தில் ஏறுகிறவருக்கு அது ஏழு நொடி. முழுதாக நிரப்பிய பெரிய தண்ணீர் பாட்டிலின் எடை இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்காகும் என்பார்கள். வேகத்தைக் கூட்டும் அந்தச் சில நொடிகளுக்கு அது உண்மை, சீராக ஏறும்போது இல்லை. பந்தயத்தில் கடைசி நூறு மீட்டர் பாய்கிறவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய விஷயமாக இருக்கலாம். அலுவலகம் போக வேண்டிய எனக்கு ஏழு நொடியை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

எனக்குத் தீர்ப்பைத் தந்தது உதிரிபாகம். ஒரு கம்பி அறுந்தால் எத்தனை நாள் சவாரி போகும் என்ற கேள்வியை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

அப்பா காலத்துக் கருப்பு சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் இருந்தன. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். தெருமுனைக் கடையில் கோட்டம் எடுத்துவிட்டால் மறுபடி ஓடும். மேலே சொன்ன சோண்டாவில் முன்னே 16, பின்னே 21. அத்தனை குறைவான கம்பிகளைக் கொண்டு சக்கரத்தைத் தாங்க ஒவ்வொன்றையும் மிக இறுக்கமாக இழுத்து வைக்க வேண்டும், ரிம்மையும் அதற்கேற்ப விறைப்பாகச் செய்ய வேண்டும். அதை நன்றாகவே செய்கிறார்கள். பெட்டியைத் திறந்த நாளில் அவற்றின் நேர்த்திக்குக் கைக்கட்டு ஈடாகாது. ஆனால் ஒன்று அறுந்த நிமிடத்தில் ரிம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பிரேக் கட்டையிலோ ஃபிரேமிலோ உரசி நின்றுவிடும். 32 கம்பிச் சக்கரத்தில் பிரேக்கின் விடுவிப்பு நெம்பியைத் திறந்துவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம்.

என் பழைய ஆலை ஜோடியில் கம்பி அறுந்தது ஹொஸ்கோட்டே மேம்பாலம் தாண்டி. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்தக் கம்பி தட்டையானது, வளைவில்லாமல் நேராக ஹப்புக்குள் செருகுவது, அந்த மாதிரிக்கென்றே செய்த நீளம் கொண்டது. கடையில் இருப்பு இல்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வாரக்கணக்கில் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. சில மாடல்களில் கம்பியைத் திருகத் தனிச் சாவியே தேவைப்படும். மேவிக் கிசிரியம் சக்கரங்களின் தடித்த அலுமினியக் கம்பிகள் நேராக ரிம்முக்குள்ளேயே திருகப்படுபவை. பொறியியலாக அழகான வேலை. ஆனால் 1889-இல் தொடங்கிய அந்தப் பிரெஞ்சு நிறுவனமே 2020-இல் நீதிமன்ற மேற்பார்வைக்குப் போய், பிறகு புரெலியே குழுமத்தின் கைக்கு மாறியது. அப்படிப்பட்ட பெயருக்கே இந்த நிலை வரும் என்றால், ஒரே நிறுவனத்தின் கம்பியை மட்டும் நம்பியிருக்கும் சக்கரத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் நேர்க்கம்பிக்கு ஒரு பலம் உண்டு. சாதாரணக் கம்பி பெரும்பாலும் ஹப்பின் விளிம்பில் வளைகிற கழுத்தில்தான் களைத்து அறுகிறது. நேர்க்கம்பிக்கு அந்தக் கழுத்தே கிடையாது. ஆகவே அறுவது குறைவாக இருக்கலாம். ஆனால் அறுந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் என் கவலை. வளைந்த கழுத்துள்ள, முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. தடிமனுள்ள கம்பியை சாபிம், டி.டி. ஸ்விஸ் என்று யார் செய்ததையும் போட்டுக்கொள்ளலாம். நீளம் சரியாக இருந்தால் போதும். என் ஜோடிக்கு மூன்று நீளங்கள்: முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்தின் வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பி இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் குட்டை, இறுக்கமோ மிக அதிகம். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டிரண்டு கம்பிகளை நிப்பிளோடு சேர்த்து நாடா ஒட்டி வீட்டில் வைத்திருக்கிறேன்.

ரிம்முக்கும் இதே கதைதான். மே மாதக் கோடை மழையில் தொடங்கி அக்டோபர் வரை பெங்களூர்ச் சாலையில் செம்மண்ணும் கட்டுமானத் தூசியும் கலந்த சேறு இருந்துகொண்டே இருக்கும். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே அது சிக்கி, உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. ரிம் பிரேக் சைக்கிளில் ரிம் என்பது டயரைப் போலத் தேய்ந்து தீரும் பொருள்தான், கொஞ்சம் தாமதமாகத் தீரும், அவ்வளவே. பக்கவாட்டில் சிறு குழியோ கோடோ அடையாளமாக இருக்கும். அது மறைந்தால் மாற்றிவிட வேண்டும். தேய்ந்து மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தம் தாங்காமல் ஓடும்போதே பிளந்துவிடும். கைக்கட்டுச் சக்கரத்தில் அதே துளை எண்ணிக்கையும் அதே உள்விட்டமும் உள்ள புதிய ரிம்மைப் பழையதோடு சேர்த்துக் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக இதிலிருந்து அதற்கு மாற்றிவிடலாம். ஹப்பும் கம்பிகளும் அப்படியே தொடரும். ஆலை ஜோடியில் ரிம் மட்டும் தனியே கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் அந்த விலைக்குப் புதுச் சக்கரமே வாங்கிவிடலாமா என்று தோன்றும். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு ரிம் தேயாது, ஆகவே கைக்கட்டுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி குறைந்துவிடும்.

ஹப்பில் எது என்பது உங்கள் கை எவ்வளவு அழுக்காகத் தயார் என்பதைப் பொறுத்தது. ஷிமானோ ஹப், கப் என்ற கிண்ணத்துக்கும் கோன் என்ற கூம்புக்கும் நடுவே குண்டுகள் உருளும் பழைய முறை. பின்சக்கரத்தில் பொதுவாகப் பக்கத்துக்கு 9, கால் அங்குலப் பால்ரஸ் குண்டுகள். மழைக்காலம் முடிந்ததும் கோன் ஸ்பேனரால் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது குண்டும் கிரீஸும் போட்டு மூடினால் மறுபடி புதிதாக ஓடும். மொத்தச் செலவு ஒரு மதியச் சாப்பாட்டை மிஞ்சாது. ஆனால் கவனிக்காமல் விட்டுக் கப்பில் குழி விழுந்துவிட்டால் ஹப்பே போயிற்று. கழற்றவே விரும்பாதவர்கள் கார்ட்ரிட்ஜ் பேரிங் (குண்டுகளோடு மூடி, முழுதாக மாற்றிப் போடுவது) உள்ள ஹப்பை எடுப்பது மேல். பேரிங்கின் மேலேயே 6902 என்றோ 6001 என்றோ எண் பொறித்திருக்கும். அது எந்திரங்களுக்கெல்லாம் போடும் பொது அளவு, எஸ்.ஜே.பி. சாலைப் பக்கம் பேரிங் கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். டி.டி. ஸ்விஸ் 350 இந்த வகைதான். அதன் மூடியைக் கையாலேயே இழுத்துக் கழற்றலாம். அந்த ஹப்போடு, நடுவில் 1.5 மி.மீ. வரை மெலிந்த கம்பிகளை முன்னே 24, பின்னே 28 என்ற எண்ணிக்கையில் போட்டால் கைக்கட்டும் 1,600 கிராமுக்குள் வந்துவிடும். உடல் எடை குறைந்தவர்களுக்கு இது நல்ல வழி. என் எடைக்கு நான் அந்தத் துணிச்சலை எடுக்கவில்லை.

இந்த வழியின் உண்மையான ஆபத்து கட்டுகிற கை. ஆலையில் எந்திரம் தவறாமல் செய்வதை இங்கே ஒரு மனிதர் காதாலும் விரலாலும் செய்கிறார். சிவாஜி நகரில் எனக்குக் கட்டிக் கொடுத்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். ரிம்மைக் கையில் வாங்குமுன் அவர் கேட்டது இதுதான்: “உங்கள் எடை எவ்வளவு சார்? முதுகில் மாட்டுகிற பையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.”

“பை தினமும் இல்லை அண்ணே.”

“இருக்கிற நாளைச் சொல்லுங்கள்.”

அதைக் கேட்ட பிறகுதான் பின்சக்கரத்துக்கு 32 என்று முடிவு செய்தார். கம்பிகளைக் கட்டி முடித்ததும் இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்தி முறுக்கம் எடுத்தார். மறுபடி கோட்டம் பார்த்தார். இந்த அழுத்தலைச் செய்யாத மெக்கானிக்கிடம் சக்கரம் கட்டக் கொடுக்காதீர்கள். முதல் சில சவாரிகளுக்குப் பிறகு ஒருமுறை திரும்பக் கொண்டுபோய் இறுக்கம் பார்த்துக்கொள்வதும் அவசியம். நிப்பிள்கள் தத்தம் இடத்தில் அமர்ந்து கம்பி கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்படிப்பட்ட கை உங்கள் ஊரில், உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் தயங்காமல் ஆலை ஜோடியை வாங்குங்கள். வாங்கும்போதே அதற்குரிய கம்பிகளில் நான்கைந்தைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். பின்னால் தேடினால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

டயரைப் பற்றி ஒரு வரி. ஃபிரேமில் இடம் இருந்தால் 25 மி.மீ. டயரை விட்டு 28-க்குப் போய்விடுங்கள். தண்ணீர் மூடிய குழியில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவதில் அது எந்த விலையுயர்ந்த சக்கரத்தையும்விட அதிகம் செய்யும்.

மறுவிற்பனையில் கைக்கட்டு சக்கரத்துக்கு விலையே இல்லை என்பது உண்மைதான். பெயர் ஒட்டிய ஆலை ஜோடியைப் படம் போட்டுப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம்; இதை அப்படி வாங்க ஆள் வரமாட்டார். நான் விற்கப்போவதும் இல்லை. இந்த ரிம் தேய்ந்ததும் இதே ஹப்புக்கு அடுத்த ரிம், அதே சிவாஜி நகர்க் கடையில்.