மலைப் பக்கத்து அறைக்குக் கூடுதல் பணம்: கண்டியில் இரண்டு இரவுகள்

காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு, கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதி வழியாக ஏறக்குறைய 250 கிலோமீற்றர் வான் வண்டியில் சென்று, கண்டி நகரில் அண்மையில் கட்டப்பட்ட பலமாடி விடுதியொன்றில் அம்மாவுடன் இரண்டு இரவுகள் தங்கினோம். விடுதியின் பெயரை எழுதவில்லை. கண்ணாடிச் சுவரும், மொட்டைமாடியில் நீச்சல் தடாகமும், ‘மலைக்காட்சி அறை’ என்று தனிக் கட்டணமும் வைத்திருக்கும் விடுதிகள் அந்த நகரில் இப்போது பல இருப்பதால், வன்னியிலிருந்து போகிறவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாமா என்பதை மட்டும் சொல்ல நினைக்கிறேன்.

கொடுக்கலாம், ஆனால் அது காலை நேரத்துக்கான விலை என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். உயரம் என்றால் இரணைமடுக் குளக்கட்டு என்று பழகிய கண்களுக்கு, ஏழாம் மாடி யன்னலின் திரையை விலக்கியபோது கிடைத்தது சாதாரண காட்சியல்ல. கிழக்கே, மடித்த கைமுட்டியைப் போலத் தெரிவதால் நக்கிள்ஸ் என்று வெள்ளைக்காரர் பெயரிட்ட மலைத்தொடர் முதலில் கறுப்பாகவும், பிறகு நீலமாகவும், வெயில் ஏறிய பின் வெளிறிய சாம்பல் நிறமாகவும் மாறிக்கொண்டிருக்க, அதன் அடிவாரத்தில் பஞ்சுபோலப் படிந்திருந்த பனிமூட்டம் ஏழரை மணிக்குள் கலைந்துபோனது. 1,900 மீற்றருக்கு மேல் உயர்ந்த சிகரம் அந்தத் தொடரில் உண்டு. பத்து மணிக்குப் பிறகு முகில் வந்து மூடிவிட்டது. மாலையிலும் அது திறக்கவில்லை. ஆகவே பின்னேரம் வந்து சேர்ந்து மறுநாள் விடியவே புறப்படுகிறவர்கள் சாதாரண அறையை எடுப்பதே புத்திசாலித்தனம்.

முன்பதிவு செய்யும்போது எத்தனையாம் மாடி, எந்தத் திசை என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். மூன்றாம் மாடியில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் ‘மலைக்காட்சி’யில் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கிகளே முக்கால் பங்கு. சொல்லப்படும் விலையோடு 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத பெறுமதிசேர் வரியும் சேரும்போது தொகை கால் பங்குக்கு மேல் ஏறிவிடும் என்பதால், எல்லாம் அடங்கிய தொகையையே கேட்க வேண்டும். தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலத் திருவிழா நடக்கும் காலத்தில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

அறை சுத்தமாக இருந்தது. கட்டில், துவாய், சுடுதண்ணீர் எதிலும் குறையில்லை. மலைநாடு என்றதும் அம்மா இரண்டு கம்பளிச் சட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது, நுவரெலியாவின் குளிரை அங்கு எதிர்பார்க்க முடியாது. மத்தியானத்தில் குளிரூட்டி இல்லாமல் இருக்க முடியவில்லை.

உணவில்தான் மனம் கோணியது. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்பவர்கள் என்று முதல்நாளே சொல்லியிருந்தும், ‘சைவம்’ என்று காட்டப்பட்ட தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு கலந்திருந்ததை அம்மா ஒரு வாய் வைத்த பின்னரே கண்டுபிடித்தார். பரிமாறியவர் உண்மையாகவே வருந்தினார். மாசியை அவர் மீன் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. இடியப்பமும் பருப்பும் நன்றாக இருந்தன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீ ஏற்பட்டால் எந்தப் படியால் இறங்குவது என்று அறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. நீச்சல் தடாகத்தின் விதிமுறைகள் தமிழில் இல்லாவிட்டால் போகட்டும் என்று விடலாம், இதை விட முடியாது.

அம்மா பிறந்தது ஹந்தானைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடொன்றில். 1977 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்தவர். நாங்கள் பணம் கொடுத்த யன்னல் கிழக்கைப் பார்த்தது. ஹந்தானை மலையோ நகருக்குத் தெற்கே, விடுதியின் மலிவான அறைகளின் பக்கம். இரண்டாம் நாள் காலையில் அம்மாவை அறையில் காணாமல் தேடியபோது, நடைவழியின் கோடியில், அழுக்குத் துணி வண்டில் நிறுத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய யன்னலோடு நின்றுகொண்டிருந்தார். அறை துப்புரவு செய்ய வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, “உக்காருங்கம்மா, எந்தத் தோட்டம் நீங்க?” என்றார்.

அம்மா எழுந்து வருவதற்குள் காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அன்று பகல் உணவை மாத்தளையில், முத்துமாரியம்மன் கோயிலைக் கும்பிட்ட பிறகு ஒரு சைவக் கடையில் சாப்பிட்டோம்.