ரூத் பிரவுன் கீச்சிடுகிறாரா? கும்பகோணத்து ரிக்கார்டு பிளேயர் ரிப்பேர் கடை

கும்பகோணத்தில் பாத்திரக் கடைகளுக்குப் பின்சந்தில், போர்டுகூட இல்லாத ஒற்றை அறைக் கடை. பழைய ரிக்கார்டு பிளேயர் மட்டும்தான் இங்கே வேலை. மோட்டார் வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். முள் விஷயத்தில் கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கடைக்காரர் ஒரு பழைய சினிமாப் பாட்டுத் தட்டைப் போட்டுக் காட்டுவார். அதை நம்பக் கூடாது. பழகிய பாட்டில் விட்டதையெல்லாம் காதே நிரப்பிக்கொள்ளும். கையோடு அமெரிக்கப் பாடகி ரூத் பிரவுன் தட்டு ஒன்றை எடுத்துப்போங்கள். 1928இல் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்தில் பிறந்தவர். அட்லாண்டிக் ரிக்கார்டு கம்பெனி முளைவிட்ட காலத்தில் அதைத் தூக்கி நிறுத்திய குரல். ‘ரூத் கட்டிய வீடு’ என்றே அதற்குப் பட்டப்பெயர். 1950இல் வந்த ‘டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்’ ரிதம் அண்டு புளூஸ் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் நின்றது. தாளத்தை அழுத்தி மிதித்துக்கொண்டே வருவார். சொல் முடிகிற இடத்தில் குரலைச் சட்டென்று மேலே உடைத்து ஒரு கீச்சு. கண் இமைப்பதற்குள் போய்விடும். இழைத்துப் பாடுகிற நம் ஊர்க் காதுக்கு முதல் தடவை அது பிசிறுபோலத் தோன்றலாம். மூன்றாவது தடவை அதற்காகவே காத்திருப்பீர்கள்.

பிளேயருக்கும் அந்தக் கீச்சுதான் பரீட்சை. முள் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று கிழியும். வேகம் குறைந்திருந்தால் கீச்சு முனகலாகிவிடும். 1953இல் வந்த ‘மாமா ஹி ட்ரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்’ பாட்டில் டாம்பரின் சலங்கை தனித்தனியாகக் கேட்க வேண்டும். மணலைக் கொட்டுவதுபோல் கேட்டால் காசு கொடுக்காதீர்கள்.

முதலில் மோட்டார். டெல்டாவில் கைமாறும் கேரார்டு, எச்.எம்.வி., பிலிப்ஸ் பெட்டிகள் பலவும் மைக் செட்காரர்களிடம் உழைத்தவை. கல்யாணப் பந்தல் தூசியும் திருவிழாப் புழுதியும் உள்ளே இறுகிக் கிடக்கும். கடைக்காரர் பிளேயரின் சுழலும் தட்டைக் கழற்றி, நடு அச்சின் பழைய கிரீஸைப் பெட்ரோலில் கரைத்துத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிறார். அடுத்தது ஐட்லர் ரப்பர், அதாவது மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் சின்னச் சக்கரம். பளபளப்பேறி வழுக்கினால் லேத்தில் மாட்டி உப்புத்தாளால் ஒரு பூச்சுத் தேய்க்கிறார். கல்லாக இறுகியிருந்தால் புது ரப்பர் வார்த்துப் போடுகிறார். அதில் எண்ணெய்க் கை படவிடுவதே இல்லை. வீட்டுக்கு வந்தபின் உங்கள் பங்கு ஒன்று உண்டு: பாட்டு முடிந்ததும் வேகக் குமிழை ஆஃபில் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் ஐட்லர் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளமாகி, சுற்றுக்குச் சுற்று ‘டப் டப்’ என்று அடிக்கும்.

வேகம் பார்க்கும் முறையும் சுத்தம். கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின்மேல் சுழலவிடுகிறார். துடிக்கும் வெளிச்சத்தில் கோடுகள் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி. மேஜைக்கு மேல் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டையே வைத்திருக்கிறார். நல்ல எல்.இ.டி. வெளிச்சம் துடிக்காது என்பதால் ஸ்ட்ரோப் அட்டையின் கோடுகள் அதில் நின்று தெரியாது. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு, நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் தட்டென்றால் 180 கோடு, 45க்கு 133, 78க்கு 77. இணையத்தில் அச்சடித்து எடுத்த அட்டையில் 216, 160, 92 என்றிருந்தால் அது அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு ஆனது. அதை வைத்துக்கொண்டு கடையில் சண்டை போடாதீர்கள். வேகம் 6 சதவீதம் குறைந்தால் சுருதி அரைக்கட்டை இறங்கும். அமெரிக்கப் பிளேயரை ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றரைக் கட்டைக்கு மேலேயே இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. இந்தக் கடையில் மோட்டார் கப்பியை 1.2 மடங்கு பருமனில் புதிதாகக் கடைந்து போட்டுத் தருகிறார்கள். இந்த ஒரு வேலைக்காகவே தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறலாம்.

இனி முள். பழைய பெட்டிகளில் முள்ளின் அசைவைக் கரண்டாக மாற்றுவது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். அதற்குள் இருக்கும் ரோஷல் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையை அது எத்தனை வருஷம் தாங்கும்? வால்யூமை முழுக்க வைத்தும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் நோய் அதுதான். செராமிக் மாற்றித் தருகிறார், நல்லது. ஆனால் “எல்லாத்துக்கும் ஒரே முள்ளு போதும் சார்” என்கிறார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. மோனோ எல்.பி.க்கு (ஒற்றைத் தட ஒலியுள்ள 33 சுற்றுத் தட்டு) முள் நுனி சுமார் 25 மைக்ரான், 78க்குச் சுமார் 75. மெல்லிய முள் 78இன் பள்ளத்து அடியில் புரண்டு இரையும். தடித்த முள் எல்.பி.யின் விளிம்பைச் சீவிவிடும். புரட்டிப் போடுகிற இரட்டை முள்ளாகக் கேட்டு வாங்குங்கள்.

முள் தட்டில் அழுந்தும் பாரத்தைக் கையால் தூக்கிப் பார்த்தே வைக்கிறார். செராமிக்குக்கு 4 முதல் 6 கிராம். நகை நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு கொண்டுபோனால் அவரும் கோபித்துக்கொள்வதில்லை. முள் தாவுகிறது என்று, முள்ளைத் தாங்கும் பிளேயர் கையின் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிக் கொடுக்க வந்தால் மறுத்துவிடுங்கள். அது மட்டுமே மூன்று, நான்கு கிராம், பாரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

ரூத் பிரவுனின் ஐம்பதுகளின் வெற்றிப் பாட்டுகள் மோனோ. மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டும் நெளியும். மேலும் கீழுமாக வருவது தூசியும் தேய்மானமும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் என்றால் இடது, வலதை இணைக்க ஒரு ஸ்விட்ச் வைக்கச் சொல்லுங்கள், அந்த இரைச்சல் பெருமளவு அடங்கும். கேட்டால் செய்கிறார், அவராகச் சொல்வதில்லை. மறுபதிப்பு வாங்கும்போதும் மோனோவை ஸ்டீரியோவாக ‘மாற்றிய’ பதிப்பை ஒதுக்குங்கள். திருட்டுப் பதிப்பையும்தான். ரூத் அறுபதுகளில் வீட்டு வேலை செய்தும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் பிழைத்தவர், இதே பாட்டுகளுக்கான ராயல்டிக்காக வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான் 1988இன் ரிதம் அண்டு புளூஸ் ஃபவுண்டேஷன்.

தட்டு கழுவும் சேவை வேண்டாம். எல்லாத் தட்டுக்கும் ஒரே ஸ்பிரிட் கலவை. 78இன் அரக்கு அதில் கரைந்து மங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, லேபிள் நனையாமல் வீட்டிலேயே துடைத்து நிழலில் காயவையுங்கள். பூஞ்சை பிடித்த காகித உறையைத் தூக்கிப் போடுங்கள், மறுபடி பூசணம் வருவது அதிலிருந்துதான். பென் டிரைவில் ஏற்றித் தருவதும் சுமார் ரகம்: இரைச்சலை நீக்குகிறேன் என்று சலங்கையையும் சேர்த்து நீக்கிவிடுகிறார். சுத்தம் செய்யாத வேவ் ஃபைல் கேளுங்கள்.

கூலி, சாமான் விலை இரண்டையும் தனித்தனியாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். எடுத்து வரும்போது சுழலும் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி, பிளேயர் கையை நாடாவால் கட்டி, முள் கவசத்தைப் போட்டுவிடுங்கள். பஸ்ஸில் மடியில்தான் வைக்க வேண்டும். பின்சீட்டுக்கு அடியில் வைத்தால் அடுத்த வாரம் அதே சந்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.