இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்த: கல்லா, கொக்கியா, தகடா, கழியா?

தொண்டியிலிருந்து அதிராம்பட்டினம் வரை பாக் விரிகுடாவில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் கழுத்தைத் தாண்டாத இடங்கள் உண்டு. ஃபைபர் படகை அங்கேயே நிறுத்திவிட்டுக் கரைக்கு வந்துவிடுகிறோம். "ஆழமே இல்லை, எதைப் போட்டாலும் நிற்கும்" என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். நிற்பதும் நகர்வதும் அடித்தரையைப் பொறுத்தது.

முதலில் கல். கருங்கல்லோ, டப்பாவில் வார்த்த சிமெண்டோ, காசு அதிகம் ஆகாது. ஆனால் தண்ணீரில் இறங்கியதுமே இளைத்துவிடும். கரையில் 20 கிலோ இருக்கும் கருங்கல் கடலுக்குள் சுமார் 12½ கிலோதான். சிமெண்ட் இன்னும் குறைவு. தரையைப் பிடிக்காமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். காற்றில்லாத நேரத்தில் தூண்டில் போட்டு எழுந்து வர, சரி. இரவு முழுக்க விட்டுவைக்க நான் ஒப்ப மாட்டேன்.

பட்டறையில் கம்பி வளைத்துச் செய்யும் நான்கு கொக்கி நங்கூரம் பாறைத் தரையில் நன்றாக மாட்டும். சேற்றிலோ, தயிரில் விரல் விட்டு இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். இன்னொரு ஆபத்தும் உண்டு: எப்படி விழுந்தாலும் ஒரு கொக்கியாவது மேலே பார்த்துதான் நிற்கும். தண்ணீர் வற்றும்போது படகு அதன்மேல் உட்கார்ந்தால் அடிப்பகுதி கிழிந்துவிடும்.

என் ஓட்டு இரட்டைத் தகடு நங்கூரத்துக்கு. அமெரிக்கரான ரிச்சர்ட் டான்ஃபோர்த் வடிவமைத்தது. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்கிய படகுகளில் இருந்தது. அகலத் தகடுகள் மணலிலும் சேற்றிலும் புதைந்துவிடுவதால், ஐந்தாறு கிலோவே அந்த 20 கிலோ கல்லைவிட நன்றாகப் பிடிக்கும். ஆழம் குறைந்த இடத்தில் கூடுதல் வசதி, இறங்கி நின்று காலால் அழுத்தியே புதைத்துவிடலாம். காற்று திசை மாறினால் பிடுங்கிக்கொள்ளக்கூடும், அதைக் கவனிக்க வேண்டும்.

அதற்குக் கயிறு தாராளமாக வேண்டும். தண்ணீர் 2 மீட்டர், அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் அரை மீட்டர் என்றால் மொத்தம் 2½. அதைப்போல் ஐந்து மடங்கு, 12½ மீட்டர் விட வேண்டும். காற்று வலுத்தால் ஏழு மடங்கு. நங்கூரத்தை ஒட்டி இரண்டு மீட்டர் சங்கிலி இருந்தால் இழுப்பு தரையோடு படிந்து நிற்கும். கயிற்றைக் குட்டையாகக் கட்டினால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தை மேலே தூக்கும். நீளமாக விட்டால் படகு சுற்றும். பக்கத்துப் படகுக்கு இடம் விட்டுத்தான் போட வேண்டும்.

கடற்புல்மேல் தகடு வழுக்கும், கொக்கி புல்லை வேரோடு பிடுங்கும். அது ஆவுளியா என்கிற கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். 2022-இல் இங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்ததே அந்த விலங்குக்காகத்தான். தெளிந்த தண்ணீரில் புல் கறுப்பாகவும் வெறும் மணல் வெளுப்பாகவும் தெரியும். பத்தடி தள்ளியானாலும் வெளுப்பில் போடுங்கள்.

முழங்கால் முதல் இடுப்பளவு வரை, சேற்றுத் தரையில், பகல் நேரத்துக்கு ஊன்றிய கழிக்கு ஈடில்லை. படகு வட்டமடிக்காது, புல்லும் கிழியாது. புளோரிடாவில் இதையே மோட்டாரில் இறங்கும் எட்டடிக் கழியாகப் படகின் பின்புறம் மாட்டுகிறார்கள். இறுகிய மணலில் கழி இறங்காது. வாடைக்காற்று அலையில் ஆட்டம் கண்டுவிடும். அந்த மாதங்களில் அணியத்தில் தகடு நங்கூரம் இல்லாமல் படகை விட வேண்டாம்.

போட்டதும் கரைக்கு ஓடிவிடாதீர்கள். ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பத்தையும் ஒரே கோட்டில் பார்த்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து அந்தக் கோடு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.