டெரியர் மாதிரி இன்ஜின்: ஓஓ அளவா, ஓ அளவா?

பிரித்தானியப் பொறியாளர் வில்லியம் ஸ்ட்ரவுட்லி வடிவமைத்து, 1872 முதல் 1880 வரை 50 எண்ணிக்கையில் கட்டப்பட்ட 'டெரியர்' டேங்க் (தண்ணீர்த் தொட்டியைத் தன்மீதே சுமக்கும்) நீராவி இன்ஜினுக்கு ஓஓ, ஓ எனும் இரு மாதிரி ரயில் அளவுகளிலும் மாதிரிகள் உள்ளதால், புதிய பதிப்பு அறிவிக்கப்படும்போதெல்லாம் ஆர்வலர்களுக்குத் தயக்கம் எழுகிறது.

இடம்: ஓஓ மாதிரி (1:76.2, அதாவது நிஜ இன்ஜினில் 76.2-இல் ஒரு பங்கு) சுமார் 10 செ.மீ. நீளமே, 438 மி.மீ. ஆரமுள்ள வளைவில் திரும்பும்.
ஓ மாதிரி (1:43.5) சுமார் 18 செ.மீ.; வளைவின் ஆரம் ஏறத்தாழ ஒரு மீட்டராவது வேண்டும்.

செலவு: ஓஓ மலிவு, ஓ அளவில் இன்ஜினோடு தண்டவாளமும் பெட்டிகளும் விலை கூடியவை.

ஓட்டம்: ஆறே சக்கரங்கள் கொண்ட சிறிய இன்ஜின் தண்டவாளத்திலிருந்துதான் மின்சாரம் பெறுகிறது என்பதால், எடை குறைந்த ஓஓ மாதிரி அழுக்குப் படிந்த இடங்களில் தயங்கி நிற்கக்கூடும், ஓ மாதிரியோ தன் எடையால் சீராக ஊர்வதுடன், நல்ல ஒலிபெருக்கிக்கும் இடம் தருகிறது.

துல்லியம்: நிஜத் தண்டவாளங்களின் 1435 மி.மீ. இடைவெளி ஓஓ அளவில் 18.83 மி.மீ. ஆக வேண்டும், இருப்பதோ 16.5 மி.மீ., முன்புறமிருந்து பார்த்தால் இக்குறை கண்ணை உறுத்தும். ஓ அளவின் 32 மி.மீ. இடைவெளியிலும் ஒரு மி.மீ. குறைவுதான், ஆனால் அது தெரிவதில்லை.

மேசைமீது வளையப் பாதை அமைத்துப் பல இன்ஜின்களைச் சேர்க்க விரும்புவோருக்கு ஓஓ பொருந்தும். சுவரோரப் பலகையில் ஒற்றை இன்ஜினைக் கொண்டு பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பணியை ரசிப்போர், என் கருத்தில், ஓ அளவையே வாங்கலாம்.