480பி, 720பி, 1080பி, ஆட்டோ: மொபைல் டேட்டாவில் எது கட்டுப்படியாகும்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் நாளுக்கு 1.5 ஜிபி பிளான்தான் போட்டிருக்கிறார்கள். பலருக்கு மதியமே டேட்டா தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ். அதில் மிகக் குறைந்த குவாலிட்டியான 144பி கூடச் சுற்றிக்கொண்டேதான் நிற்கும். இதற்கு பிளானை மாற்ற வேண்டியதில்லை, வீடியோவின் குவாலிட்டியை மாற்றினாலே போதும் என்பது என் கருத்து.

கணக்கு எளிது. வீடியோ வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி செலவாகும். 480பி ஏறத்தாழ இந்த அளவில்தான் வரும். 720பி இரண்டு, இரண்டரை மடங்கு. 1080பி நாலைந்து மடங்கு வரை போகும். அதாவது அதே 1.5 ஜிபி, 480பி-யில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும், 720பி-யில் ஒன்றரை மணி நேரத்தோடு முடியும், 1080பி-யில் முக்கால் மணிக்கே கையை விரித்துவிடும். ஆப்பையும் வீடியோவையும் பொறுத்து இது கொஞ்சம் ஏறும், இறங்கும்.

உண்மையான போட்டி 480-க்கும் 720-க்கும் நடுவில்தான். 480பி படத்தில் சுமார் 4.1 லட்சம் புள்ளிகள், 720பி-யில் 9.2 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல் என்றாலும், ஆறரை இன்ச் போனில் சீரியலோ பேட்டியோ பார்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. முகமும் குரலும் தெளிவாக இருந்தால் மனசு கதையில் போய்விடும். 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், நெட்வொர்க் தாங்க வேண்டும் என்று வீடியோ நிறுவனங்கள் மொபைல் இணைப்புகளில் 480பி-க்கு மேல் போகாமல் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தின. போனில் படம் பார்ப்பதை அதற்காக யாரும் விட்டுவிடவில்லை.

ஆனால் திரையில் எழுத்து வந்துவிட்டால் கதை வேறு. போட்டித் தேர்வு வகுப்பு ஒன்றை 360பி-யில் போட்டுப் பாருங்கள். வாத்தியார் போர்டில் பொடியாக எழுதும் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் சுழி எத்தனை என்று தெரியாது. கணக்குப் பாடத்தில் எண்ணின் தலைமேல் இருப்பது 2-ஆ 3-ஆ என்பதே சந்தேகம். 480பி-யில் பெரிய எழுத்து தப்பிக்கும், பொடி எழுத்து மாட்டிக்கொள்ளும். படிக்கிற பிள்ளைக்கு 720பி வைத்துக் கொடுங்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல. மாலையில் பார்க்கும் ரீல்ஸில் பிடித்துக்கொள்ளலாம்.

கிரிக்கெட்டும் 720பி கேட்கும். பந்தும் புல்தரையும் கேமராவும் சேர்ந்து நகர்வதால், டேட்டா குறைந்தால் புல்தரை முழுக்கப் பச்சைக் களிம்பு மாதிரி ஆகி, பந்து அதில் காணாமல் போகும்.

1080பி போனுக்கு வேண்டாம். டிவிக்கு வைக்கலாம், ஆனால் முதலில் டிவியைப் பாருங்கள். பல வீடுகளில் இருக்கும் 32 இன்ச் ‘ஹெச்டி ரெடி’ டிவியின் திரையே 1366-க்கு 768 புள்ளிகள்தான். அதில் 1080பி ஓட்டினாலும் திரை அதைச் சுருக்கித்தான் காட்டும். 43 இன்ச் ஃபுல் ஹெச்டி டிவியும் வீட்டில் ஃபைபர் இணைப்பும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். நெட்ஃப்ளிக்ஸ் 1080பி-க்குக் கேட்பது வினாடிக்கு 5 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகம்தான். 4கே-க்குத்தான் 15 வேண்டும்.

சரி, ஆட்டோ? வீடியோவைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல குவாலிட்டியில் வைத்திருப்பார்கள். முந்தின துண்டு எவ்வளவு வேகத்தில் வந்தது என்று பார்த்து ஆப் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும். டவர் மாறிக்கொண்டே போகும் பஸ்ஸில் இதை மிஞ்ச ஆளில்லை. படம் மங்குமே தவிர நிற்காது. குறை என்னவென்றால் அது பார்ப்பது வேகத்தை, உங்கள் பேலன்ஸை அல்ல. சிக்னல் நன்றாக இருந்தால் மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால் வைஃபையில் ஆட்டோ, மொபைல் டேட்டாவில் கையால் வைத்த 480பி என்பது என் தேர்வு. யூடியூப் செட்டிங்ஸில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. மொபைல் பக்கம் ‘டேட்டா சேவர்’ வைத்துவிட்டு, வகுப்பு பார்க்கும்போது மட்டும் அந்த வீடியோவில் 720-க்கு ஏற்றிக்கொள்ளலாம். அந்த மாற்றம் அந்த ஒரு வீடியோவோடு முடிந்துவிடும்.

நம் கரைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011-இல் ‘தானே’, 2024-இல் ‘ஃபெஞ்சல்’ என்று புயலைப் பார்த்த ஊர் இது. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் கரன்ட் போய், டவர் பேட்டரியில் ஓடும்போது, ஊரே ஒரே நேரத்தில் நேரலை பார்க்கும். அப்போது 240பி-க்கு மேல் வைக்காதீர்கள். புயல் எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரல் அதிலேயே தெளிவாகக் கேட்கும், போன் சார்ஜும் சீக்கிரம் தீராது, பக்கத்துத் தெருவில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவருக்கும் லைன் கிடைக்கும்.