ஹெச்ஓவா (HO), 'என்'னா (N)? வீட்டில் மாதிரி ரயில் அமைக்க எந்த அளவு?

முதலில் இடத்தை அளந்துவிடுங்கள். ஹெச்ஓ என்பது 1:87, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. 'என்' அளவு பெரும்பாலும் 1:160, அகலம் 9 மி.மீ. 26 மீட்டர் நீளமுள்ள நிஜப் பெட்டி ஹெச்ஓவில் சுமார் 30 செ.மீ., 'என்'னில் 16 செ.மீ. பத்துப் பெட்டி கோத்தால் ஒன்று 3 மீட்டர், மற்றது ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். வளைவுக்கும் ஹெச்ஓ அதிக இடம் கேட்கும். நீண்ட ரயில் மலையடிவாரத்தைச் சுற்றிவரும் அழகு வேண்டுமா? சின்ன அறையில் அதற்கு 'என்'தான் சரி.

ஆனால் இது ஆயுள் முழுக்கத் தொடரும் பொழுதுபோக்கு. இருபது வயதில் 'என்' அளவுப் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுவது விளையாட்டு. அறுபதில் பூதக்கண்ணாடி தேவைப்படும். 'என்' அளவு இன்ஜின் எடை குறைவு என்பதால், தண்டவாளத்தில் கொஞ்சம் தூசி படிந்தாலும் மின்தொடர்பு விட்டு நின்றுவிடும். ஹெச்ஓ இன்ஜினுக்குள் டிசிசி டிகோடரோடு (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளைகளைப் படித்து இன்ஜினை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒலிபெருக்கி வைக்கவும் தாராளமாக இடமுண்டு. சத்தமும் கனமாக இருக்கும்.

விலையில் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். பொருள் சிறிது என்பதற்காக விலை பாதியாகிவிடாது. என்னுடைய ஓட்டு ஹெச்ஓவுக்கு, சுவரோரம் ஒரு நீளப் பலகைக்கு இடமிருந்தால்.